துட்டி கேட்கப்படாத சாவுகள்: நாய், பெயர், பதிலீடு

1

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் 'சவம்' என்பது செத்த உடலை மட்டும் குறிக்கிற சொல் அல்ல. தொலைந்துபோன சாவி சவம், திறக்காத கதவு சவம், நேரத்துக்கு வராத பஸ் சவம், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையும் சவம்தான். 'சவத்த விடு' என்றால் அந்த விஷயத்தை விட்டுவிடு என்று பொருள். உயிரோடு இருப்பதையெல்லாம் நாள் முழுக்கச் சவம் என்று அழைக்கும் ஒரு பேச்சில், வளர்த்த நாய் நிஜமாகவே சவமாகிவிட்டால் சொல்ல என்ன சொல் மிச்சமிருக்கிறது? 'சவம் செத்துப்போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தில் எரிச்சலும் பிரியமும் ஒன்றாகக் கிடக்கின்றன. எது எவ்வளவு என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

மனிதச் சாவுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. சொல்லிவிட ஆள் அனுப்புவது, துட்டி கேட்கப் போவது, போன வீட்டில் எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்பது, யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பது, யார் கொள்ளி வைப்பது, யார் மொட்டை போடுவது எல்லாமே வகுக்கப்பட்டிருக்கின்றன. தீட்டின் நாட்கணக்கு என்பது உண்மையில் உறவின் வரைபடம். யார் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சாவு வீட்டில் வைத்துத்தான் சமூகம் துல்லியமாக அளக்கிறது. இந்த வரைபடத்தில் நாய்க்கு இடமில்லை. தீட்டு இல்லை, துட்டி இல்லை, பந்தி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வாசலில் கிடந்த ஓர் உயிர் போன மறுநாள், வீட்டுக்காரர் வழக்கம்போல வேலைக்குப் போயாக வேண்டும். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதையும் மீறி விஷயம் தெரிந்துவிட்டால் கிடைக்கிற ஆறுதல் ஒரே வாக்கியம்: 'ஒண்ணு போனா இன்னொண்ணு. ஒரு குட்டியைக் கொண்டாந்து போடுவே.' நல்ல மனதோடு சொல்லப்படும் வாக்கியம்தான். ஆனால் இதே வாக்கியம் நம் வரலாற்றில் வேறு வாய்களிலிருந்தும் வேறு நோக்கங்களுக்காகவும் சொல்லப்பட்டிருக்கிறது. செல்லப்பிராணியின் சாவைப் பற்றிப் பேசுவதை மென்மையான, நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். எந்த உயிருக்கு ஈடு உண்டு, எந்த உயிருக்கு ஈடு இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

2

துக்கத்துக்கு இலக்கணம் இல்லை என்று சொன்னேன். எப்போதுமே இல்லாமல் இருந்ததா? திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயும் நிற்கிறது. எழுத்து அந்த நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காத்திருந்தது என்கிறது கல்வெட்டு. நாய் செத்தது என்று கல் சொல்லவில்லை. காத்திருந்தது என்றுதான் சொல்கிறது. வெட்டுப்பட்டுக் கிடப்பவன் பக்கத்தில் அது நின்ற நிலையை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்தது மறக்காமல் கல்தச்சனிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர் மிகக் குறைவாக இருந்த காலத்தில், இடம் குறைந்த ஒரு கல்லில், நாயின் பெயருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு கல் கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் கிடைத்தது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அந்தக் கல்லின் ஒரு பாதி நன்றாகத் தெரியும். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதைச் சொல்லும் சான்றுகளில் அதுவும் ஒன்று. கொன்றவன் இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் பக்கத்தில் நின்ற கங்க அரசன் பூதுகன். அதே கல்லின் மறுபாதி ஒரு நாயைப் பற்றியது. பூதுகனின் வீரன் மணலேரன்; அவன் போரில் காட்டிய வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று அரசன் சொன்னபோது, அவன் நிலமோ பொன்னோ கேட்காமல் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னால் ஒரு காட்டுப்பன்றியோடு மோதியதில் காளியும் பன்றியும் சேர்ந்தே செத்தன. மணலேரன் கோயிலுக்கு முன்னால் கல் நாட்டி, அதற்கு நிலமும் விட்டான். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடுகிற பூசாரிக்குப் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தான்.

ஒரு சோழ இளவரசனின் சாவும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இருக்கின்றன. நம் பாடநூல்களின் வரலாறு இராசாதித்தனை எடுத்துக்கொண்டு காளியை விட்டுவிட்டது. அரசியல் வரலாற்றுக்கு எது தேவை எது தேவையில்லை என்ற தேர்வு அது. எனக்கு அந்தப் பூசாரி பற்றிய வரி முக்கியமாகப் படுகிறது. மணலேரன் தன் துக்கத்தை ஒரு நிறுவனமாக மாற்றுகிறான். தான் மறந்தாலும் தனக்குப் பிறகு வருபவர்கள் மறந்தாலும் ஒருவன் தினமும் சாப்பாட்டுக்கு முன் நாயை நினைத்தாக வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறான். தனிப்பட்ட துயரத்துக்குப் பொது ஒப்புதல் கேட்பது என்றால் இதுதான்.

ஆனால் இதைக் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. கல் நாட்ட நிலம் வேண்டும், தச்சனுக்குக் கூலி வேண்டும், சாபம் பலிக்க அதிகாரம் வேண்டும். மணலேரனின் வயலில் உழுதவனும் ஒரு நாய் வளர்த்திருப்பான். அதன் பெயர் எங்கே? கல் பேசுகிறது என்று சொல்லும்போதே, கல் வைக்க முடியாதவர்களின் துக்கம் எந்தப் பிரதியில் பதிந்தது என்று கேட்டாக வேண்டும்.

3

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் எங்கள் வட்டார வரலாற்றுக்குக் கிடைத்த பெரிய புதையல். அவற்றில் நிலம் கைமாறிய ஆவணங்களோடு மனிதர்கள் அடிமைகளாகக் கைமாறிய ஆவணங்களும் இருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்படுவதாக அரசு அறிவித்தது 1855இல். அதுவரை வயலோடு மாடும், மாட்டோடு மனிதரும் சொத்துக் கணக்கில் வந்தார்கள். 'ஒண்ணு போனா இன்னொண்ணு' என்பது அந்தக் கணக்கின் வாக்கியம். கணக்குப் புத்தகத்தில் சாவு என்பது ஒரு கழித்தல், வாங்குவது ஒரு கூட்டல். இரண்டும் சமமானால் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

உழவு மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல்களில் மாடுதான் முதலீடு. ஜோடியில் ஒன்று செத்தால் உடைமைக்காரர் இன்னொன்றை வாங்கி நுகத்தில் பூட்டச் சொல்வார். கலப்பை பிடித்தவருக்குத்தான் தெரியும், அது அவ்வளவு லேசு இல்லை என்று. இடத்தில் நடந்த மாடு வலத்தில் நடக்காது. துணையின் நடைக்குப் பழகிய மாடு புதுத் துணையோடு நுகத்தைச் சாய்க்கும், நிற்கும், படுத்துக்கொள்ளும். உழுதவர் அதன் காதோடு பேசி, தட்டிக்கொடுத்து, சில நாள் வெறும் நுகத்தோடு நடத்தித்தான் வழிக்குக் கொண்டுவருவார். இங்கே இரண்டு அறிவுகள் இருக்கின்றன. உடைமையின் அறிவுக்கு ஒரு மாட்டுக்கு இன்னொரு மாடு சமம். உழைப்பின் அறிவுக்கு எந்த மாட்டுக்கும் எந்த மாடும் சமம் இல்லை. வரலாறாக எழுதப்பட்டது முதலாவது மட்டும்தான். இரண்டாவது கலப்பை பிடித்த கைகளோடு போய்விட்டது; பவர் டில்லர் வந்தபிறகு அதற்குத் தேவையும் இல்லாமலாயிற்று.

மாடு செத்தால் அழுத வீட்டுப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த உடலைத் தொட்டுத் தூக்குவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. அது ஒரு சாதியின் 'கடமை' ஆக்கப்பட்டிருந்தது. அழுகை திண்ணையில், சுமை சேரியில். துக்கத்தைக்கூட இந்தச் சமூகம் வேலைப்பிரிவினை செய்துதான் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் நாய் ஒரு விதிவிலக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். தோலுக்கும் இறைச்சிக்கும் கணக்கில் வராத உடல் என்பதால் அதைப் பெரும்பாலும் வளர்த்தவரே தூக்கினார், வளர்த்தவரே குழி வெட்டினார்.

பசுவின் துக்கத்தை என்ன செய்தோம் என்பதும் சொல்லப்பட வேண்டியது. கன்று செத்தால் பசு பால் சுரக்காது. செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தாயின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கிக்கொண்டிருக்கும்போதே கறந்துவிடுவார்கள். பழந்தமிழ் நீதிநூல்களின் காலத்திலேயே இந்தத் தோல்கன்று வழக்கம் இருந்திருக்கிறது. அப்படிக் கறப்பது சரியில்லை என்ற உறுத்தலும் கூடவே இருந்திருக்கிறது. தோல்கன்று என்பது பதிலீட்டின் மிகக் கொடூரமான வடிவம். துக்கம் உற்பத்திக்கு இடைஞ்சலாக இருக்கிறது, ஆகவே துக்கப்பட ஒரு பொம்மையைக் கொடு. 'சும்மா அழுதுகிட்டு இருக்காத, ஒரு குட்டியை வாங்கு' என்ற ஆறுதலில் இந்த வைக்கோலின் வாசனை எனக்கு அடிக்கிறது.

நிறுவனங்களுக்கும் ஒரு தோல்கன்று உண்டு. அதற்குப் பெயர் பதவி. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரஸ்வதி யானைமேல் போகிறாள். எத்தனையோ யானைகள் செத்திருக்கும், ஊர்வலம் நிற்பதில்லை. மலையாளக் கரையில் குருவாயூர் கேசவன் 1976இல் செத்தபோது அதற்குச் சிலை வைத்தார்கள். ஆண்டுதோறும் கோயில் யானைகளை வரிசையாகக் கொண்டுவந்து, தலைமை யானையைக் கொண்டு அந்தச் சிலைக்கு அஞ்சலி செய்விக்கிறார்கள். பார்க்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஞ்சலி செய்யும் யானையின் காலில் கிடக்கிற சங்கிலி, செத்த யானையின் காலில் கிடந்ததுதான்.

4

இந்த இடத்தில் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். மனிதனை மனிதனாக நடத்தாத நாட்டில் நாய்க்கு அழுவதா? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது நனையாத கண்கள் பொமரேனியன் செத்தால் நனைகின்றனவே, அதற்கு என்ன பெயர்?

இந்தக் கேள்வியின் வலு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நாய் இங்கே வெறும் விலங்கு அல்ல, ஓர் அளவுகோல். நாயும் கழுதையுமே சண்டாளர்களின் செல்வம் என்று மனு (10:51) எழுதிவைத்தான். ஒரு மக்கள் கூட்டத்தை நாயோடு சேர்த்துக் கட்டியதன் மூலம் இருவரையும் ஊருக்கு வெளியே தள்ளிய வாக்கியம் அது. 1924-25இல் வைக்கத்தில், நாய் நடக்கிற தெருவில் மனிதன் நடக்கக்கூடாதா என்ற கேள்வி எழுந்தது. அதே திருவிதாங்கூரின் தென்கோடியில் 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னின்ற சுசீந்திரம் சத்தியாகிரகமும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கானதுதான். 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம்வரை அந்தக் கேள்விக்கு அரசிடம் முழுப் பதில் இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியிலேயே நாய் கடைசிப் படியாக உறைந்துபோனது. 'நாயிலும் கேவலமாக' என்ற சொல் அடித்தவன் வாயிலும் இருந்தது, அடிபட்டவன் வாயிலும் இருந்தது.

இன்னொரு செய்தியையும் இதன் பக்கத்தில் வைக்கிறேன். தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைக் கள ஆய்வுகள் பதிந்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். சாதி நாய்வரைக்கும் போகிறது. அப்படியானால் சேரியில் ஒருவர் ஓர் ஆண் குட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து வளர்ப்பதே அங்கே ஒரு மீறல். அது செத்தால் அழுவதும் மீறல்தான். நாய்க்கு அழுவது மேல்தட்டுச் சமாச்சாரம் என்று நாம் சொல்லும்போது, இந்த அழுகையை இரண்டாம் முறையாக அழித்துவிடுகிறோம்.

யூதச் சிந்தனையாளர் இம்மானுவேல் லெவினாஸ் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கைதி முகாமில் இருந்தவர். 1975இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் ஒரு தெருநாயை நினைவுகூர்கிறார். காவலர்களுக்கும் வழியில் போகிறவர்களுக்கும் அந்தக் கைதிகள் மனிதர்களாகத் தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் மட்டும் காலையில் அணிவகுப்புக்கு நிற்கும்போதும், மாலையில் வேலை முடிந்து திரும்பும்போதும் துள்ளிக் குரைத்து வரவேற்றது. கைதிகள் அதற்கு பாபி என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் காவலர்கள் அதைத் துரத்திவிட்டார்கள். மனுவின் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. மனிதர் கைவிட்ட மனிதரை நாய் மனிதராக அடையாளம் கண்டது என்றால், நாயை அளவுகோலின் கடைசிப் படியில் வைத்தது யாருடைய வசதிக்காக?

ஆகவே தோழர்களின் கேள்விக்கு என் பதில் இது. கண்ணீர் ஒரு பட்ஜெட் அல்ல, நாய்க்குச் செலவழித்தால் மனிதருக்குக் குறைந்துபோவதற்கு. கீழ்வெண்மணிக்கு நனையாத கண் நாய்க்கு நனைந்ததால் நனையாமல் போகவில்லை. அது தன் உடைமைக்கு மட்டும் நனையப் பழகிய கண். அந்தப் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

5

துக்கத்தைப் பற்றிய கோட்பாடு என்று வந்தால் ஃப்ராய்டைத் தவிர்க்க முடியாது. துக்கத்தையும் துயர்நோயையும் பிரித்துக்காட்டிய 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம்: இழந்த பொருளின்மேல் கட்டியிருந்த ஆசையை மனம் ஒவ்வொரு நினைவாக அவிழ்க்கிறது, அவிழ்த்து முடித்ததும் விடுதலையாகி இன்னொரு பொருளைப் பற்றிக்கொள்கிறது. இப்படி அவிழ்க்க முடியாமல் இழப்பைத் தனக்குள் விழுங்கிக்கொள்வது நோய். இந்தக் கோட்பாட்டில் 'ஒண்ணு போனா இன்னொண்ணு' என்பது ஆரோக்கியத்தின் இலக்கணமாகவே ஆகிவிடுகிறது.

கோட்பாட்டை எழுதியவரின் வாழ்க்கை அதற்குக் கட்டுப்படவில்லை. 1920இல் அவர் மகள் சோஃபி இறந்தாள். மூன்றாண்டில் அவளுடைய சின்ன மகனும் போனான். 1929 ஏப்ரலில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் ஃப்ராய்ட் வேறு குரலில் பேசுகிறார். துக்கத்தின் கூர்மை தணியும், ஆனால் ஈடு ஒருபோதும் கிடைக்காது. அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி, அந்த அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றே வழி என்கிற பொருளில் எழுதினார்.

அதே 1929இல் அவர் வீட்டு நாய் லுன் யுக் ரயிலில் அடிபட்டுச் செத்தது. மறுவருடம் யோஃபி வந்தது. ஏழு வருடம் அவர் சிகிச்சை அறையிலேயே கிடந்தது. 1937 ஜனவரியில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு யோஃபியும் செத்தது. ஏழாண்டு நெருக்கத்தை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியவில்லை என்று ஒரு நண்பருக்கு எழுதினார். எழுதியவர் உடனேயே இன்னொரு நாயைக் கூட்டிவந்தார். முன்பு யோஃபியோடு ஒத்துப்போகாததால் வேறு வீட்டுக்குக் கொடுத்திருந்த நாய் அது. பெயர் லுன். ரயிலில் போன முதல் நாயின் பெயரில் முன்பாதி அது.

1917இன் கோட்பாட்டின்படி பார்த்தால் இது முரண். துக்கம் முடியவில்லை, ஆனால் புது நாய் வந்துவிட்டது. 1929 கடிதத்தின்படி பார்த்தால் முரணே இல்லை. புது நாய் பழைய துக்கத்தை முடித்துவைக்க வரவில்லை, அதோடு சேர்ந்து வாழ வந்திருக்கிறது. நாஜிகள் துரத்த 1938இல் லண்டனுக்குப் போனபோது லுன் கூடவே போனது. சட்டப்படி ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் வைக்கப்பட்டது. 1939இல் ஃப்ராய்டின் தாடைப் புற்று அழுகி நாறத் தொடங்கியபோது அந்த நாய் அவர் பக்கத்தில் வர மறுத்து அறையின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. நன்றியின் உருவம் என்று நாம் பாடிவைத்திருக்கிற நாய் அல்ல அது. தனக்கென்று மூக்கும் பயமும் உள்ள இன்னோர் உயிர். இரண்டாவதாக வருவது முதலாவதின் நகல் அல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டுமா?

6

வியன்னாவில் நடந்தது எங்கள் பக்கத்து வாசல்களில் வேறு வடிவத்தில் நடக்கிறது. எங்கள் ஊரில் நாய்க்குப் பெயர் மணி. ஒரு மணி செத்தால் அடுத்து வருவதும் மணி. ஒரே வீட்டில் நான் மூன்று மணிகளைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு மணி, வெள்ளை மணி, நொண்டி மணி என்று பேச்சில் மட்டும் அடைமொழி வரும், அதுவும் செத்தபிறகுதான். உயிரோடிருக்கிற மணி வெறும் மணி.

ரொம்ப நாள் நான் இதைப் பதிலீட்டின் கிராமிய வடிவமாகவே வாசித்துவந்தேன். பெயர்கூட வைக்கத் தோன்றாத அசட்டை என்று இதைச் சொல்லிவிடலாம். நகரத்து நாய்ப்பிரியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வேறொரு வாசிப்பும் சாத்தியம் என்று தெரியவந்தது எங்கள் வீட்டு நாய் போனபோது. அதற்குப் பதின்மூன்று வயது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் எழும்பாமல் கிடந்தது, மூன்றாம் நாள் விடியும்போது இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பின்வளவில் தென்னை மூட்டில் குழி வெட்டினோம். தென்னை மூட்டில் புதைத்தால் காய்ப்பு நன்றாக இருக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் துக்கத்துக்கு வெளிப்படையாக இடம் கொடுக்க மாட்டார்கள், உரத்தின் பெயரில் கொடுப்பார்கள். மரம் மட்டும் அதற்குப் பிறகு 'மணி கிடக்க தெங்கு' என்று ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துட்டி கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. 'போனது போச்சு மக்கா. அதுக்க ஆயுசு அம்புடுதான். வாசலுக்கு ஒரு மணி வேணும்லா, வரும்' என்றாள். 'வாங்கு' என்று சொல்லவில்லை, 'வரும்' என்றாள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! வாங்குவது கணக்கின் சொல். வருவது உறவின் சொல். மருமகள் வருவாள், பேரப்பிள்ளை வரும், மழை வரும்.

நான் குட்டி எதுவும் தேடவில்லை. நாலைந்து மாதம் கழித்து மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன குட்டிகளில் ஒன்று வீடு வந்து சேர்ந்தது. ஒரு மாதம் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பழைய பெயர் நாக்கு நுனிவரை வரும், நின்றுவிடும். 'ஏ சவமே, இங்க வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழைய நாயின் தட்டை எடுத்து வைத்துவிட்டு அதற்குச் சிரட்டையில் சோறு போட்டோம். அது தட்டு இருந்த இடத்தையே மோந்துகொண்டு நிற்கும். அதன் மூக்குக்கு அந்த இடத்தில் இன்னும் யாரோ இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் பழைய நாயோடு பழக்கம் பிடித்துக்கொண்டது அதுதான். ஒருநாள் ஆச்சி சுவருக்கு மேலே எட்டி, 'மணீ' என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்து வாலாட்டியது. அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று.

அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு நாய்களையும் கூப்பிடுகிறோம். ஒன்று ஓடிவருகிறது, ஒன்று வருவதில்லை. கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் வராததும் நினைவுக்கு வருகிறது. பதிலீடு இப்படி வேலை செய்யாது. பதிலீட்டின் வேலை பழையதை மறக்கவைப்பது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதைத் தாத்தாவுக்கு ஈடு கட்டுவதாக யாரும் நினைப்பதில்லை. பேரன் தாத்தாவின் பெயரைத் தாங்குகிறான், அவராக வாழ வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. மணி என்ற பெயரும் அப்படித்தான் இறங்கிவருகிறது என்பது என் வாசிப்பு. வாரிசு என்ற சொல்லை நாய்க்குப் பயன்படுத்தலாமா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். மகன் வாரிசா மருமகன் வாரிசா என்று தலைமுறைகளாக அடித்துக்கொண்டு, கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று ஒரு நூலே எழுதும்படி ஆகி, 1926இல் சட்டம் போட்டு மாற்றிய மண் இது. வாரிசு என்பது இயற்கையில் இல்லை, மனிதர் வைத்துக்கொள்கிற ஏற்பாடு என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

7

2022இல் மானாமதுரைப் பக்கம் முதியவர் ஒருவர் செத்துப்போன தன் நாய்க்குப் பளிங்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. வேடிக்கைச் செய்தியாகத்தான் எழுதின. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவில், அலங்காநல்லூர் பக்கம் முடுவார்பட்டியில் ஒரு கோயில் காளை செத்தபோது தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வழக்குப் போடப்பட்டது. மனிதச் சாவுக்கே கூட்டம் அளவிடப்பட்ட நாட்கள் அவை. கூட்டம் கூடியதை நான் நியாயப்படுத்தவில்லை. விலங்குக்கான பொதுத் துக்கம் எடுத்தனூரோடு முடிந்துபோகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இவையெல்லாம் கல்லின் வழி. மணி என்பது பெயரின் வழி. கல் ஒரு சாவைத் தனியாக எடுத்து நிறுத்தி, இதற்கு இணை இல்லை என்கிறது. பெயர் அந்தச் சாவை அடுத்த உயிரிடம் ஒப்படைக்கிறது. கல்லுக்கு நிலம் வேண்டும். பெயருக்கு ஒரு வாசலும் கூப்பிட ஒரு வாயும் போதும். நிலமில்லாதவர்களின் நினைவுக்குறி பெயராக இருந்தது தற்செயல் அல்ல.

வாசலும் எல்லோருக்கும் இல்லை. தெருநாய்க்கு வாசல் இல்லை. சென்னையில் 1996 வரை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. நாய் கடித்த ஏழைப் பிள்ளைக்கோ பல பத்தாண்டுகள் கிடைத்தது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி 2001இல் வந்தது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம் பதினொரு நாளில் அந்த உத்தரவைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்த விவாதத்தில் ஒரு பக்கம் 'நாய்ப்பிரியர்', மறுபக்கம் 'கடிபட்ட ஏழை' என்று இரண்டு பொம்மைகளை நிறுத்தி மோதவிடுகிறார்கள். குப்பையை அள்ளாத, தடுப்பூசியை நேரத்துக்குப் போடாத நிர்வாகம் நடுவில் நழுவிவிடுகிறது. தெருநாயோடு சோற்றைப் பகிர்ந்து சாப்பிடும் பிளாட்பாரவாசி இந்தச் சித்திரத்தில் வருவதே இல்லை. அவருடைய நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அது இழப்பாகவும் பதிவாகாது. 'தொல்லை நீக்கம்' என்று பதிவாகும்.

எந்த உயிர் போனால் இழப்பு, எது போனால் வெறும் கழித்தல் என்பதை அதிகாரம் முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறது. முதலியார் ஓலை அதைத்தான் செய்தது, நாய்வண்டியும் அதைத்தான் செய்கிறது. இந்தக் கணக்குக்கு எதிராகத் துக்கப்படுவது என்றால் எதையும் பதிலீடு செய்யாமல் காலியான வாசலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று அர்த்தமில்லை. அப்படி உட்கார்ந்தால் சாக்கில் கிடந்த குட்டி சாக்கிலேயே செத்துப்போகும். செத்ததற்குக் காட்டுகிற விசுவாசம் உயிரோடிருப்பதற்குச் செய்கிற துரோகமாக ஆகிவிடக் கூடாது. அதேசமயம், புதியதை எடுத்துக்கொண்டதால் பழையது ஈடாகிவிட்டது என்று யாரும் நம் சார்பில் கணக்கை முடித்துவிடவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதற்கு எங்கள் வாசல்கள் கண்டுபிடித்த ஏற்பாடு ஒரே பெயர்.

வட்டார வரலாறு எழுதுகிற நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஊருக்குப் போகும்போது கல்வெட்டையும் ஓலையையும் படியெடுப்பதோடு, எந்தத் தென்னை மூட்டில் எது கிடக்கிறது என்று அந்த வீட்டுக் கிழவிகளிடம் கேளுங்கள். மாடு, ஆடு, பூனை, நாய் என்று பெயரும் நிறமும் வயதுமாகச் சொல்வார்கள். துட்டி கேட்கப்படாத சாவுகளின் பட்டியல் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்பதற்குத்தான் இதுவரை ஆள் போகவில்லை.